நன்னடத்தைப் பிணையை மீறியதாகத் தம்பிக்கு ஆறு மாதச் சிறை: இனி அப்பீல் போட முடியாதா?

வாசகி கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் தொழிலாளி. 2021-இல் கோயில் கொடையில் நடந்த தகராறில் என் தம்பி ஒருவரைக் கம்பியால் அடித்ததாக இந்தியத் தண்டனைச் சட்டம் 324-ஆம் பிரிவில் கேஸ் போட்டார்கள். போன வருஷம் தீர்ப்பு வந்தது. குற்றவாளி என்று சொன்னாலும், முதல் தப்பு என்பதால் ஜெயிலுக்கு அனுப்பாமல் இரண்டு வருஷ நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகப் போனான். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான், நான்கு மாதம் கையெழுத்துப் போடவில்லை. ஊருக்கு வந்தபோது போலீஸ் வாரண்ட்டோடு வந்து பிடித்துவிட்டார்கள். "ஏன் போகவில்லை" என்று நீதிபதி கேட்டார், "வேலைக்குப் போயிட்டேன்" என்று சொன்னான். மறுநாளே ஆறு மாத ஜெயில் என்று தீர்ப்பு. எங்கள் பக்கம் வக்கீல் யாரும் இல்லை. இன்றோடு 19 நாள் ஆகிறது. பழைய வக்கீலைக் கேட்டால், "தீர்ப்பு வந்து வருஷம் ஆச்சு, அப்பீல் டைம் முடிஞ்சு போச்சு, ஆறு மாசம்தானே" என்கிறார். டிரைவர் வேலைக்கு எழுதிப் போட வேண்டும் என்று ஹெவி லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறான். அதுவும் போய்விடுமா? ஜாமீன் போட்ட எங்கள் அப்பாவையும் பிடிப்பார்களா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அவசரம் அதுதான். உங்கள் தம்பிக்கு அப்பீல் டைம் முடிந்துவிடவில்லை. ஆறு மாதத் தண்டனை சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, அது கையில் கிடைக்க ஆகும் நாட்களை இந்த 30-இல் சேர்க்க மாட்டார்கள். ஆனால் நகல் மனுவைப் போட்டால்தான் அந்தச் சலுகை. இன்னும் போடவில்லை என்றால் நாளைக்கே போடச் சொல்லுங்கள்.

பழைய வக்கீல் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் புரிகிறது. இந்த வழக்கில் இரண்டு உத்தரவுகள் இருக்கின்றன, அவர் முதல் உத்தரவை மனதில் வைத்துப் பேசுகிறார்.

போன வருஷம் வந்தது முதல் உத்தரவு. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 4-ஆம் பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், குற்றம் நிரூபணமானவரை உடனே தண்டிக்காமல், அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம் என்கிறது அந்தப் பிரிவு. "உடனே தண்டிக்காமல்" என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு உங்கள் தம்பிக்கு ஆறு மாதம் என்று எழுதி அதை நிறுத்தி வைக்கவில்லை. தண்டனையே எழுதவில்லை. அழைத்தால் வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கினார்கள், அவ்வளவுதான். அந்த உத்தரவை எதிர்த்து அப்பீல் போகச் சட்டத்தின் 11(2) பிரிவு வழி வைத்திருந்தது. அந்த 30 நாள் உண்மையிலேயே போய்விட்டது.

19 நாளைக்கு முன் வந்தது இரண்டாவது உத்தரவு. அது 9-ஆம் பிரிவின் கீழ் வருவது. பிணை நிபந்தனையை மீறினார் என்று நீதிமன்றம் திருப்தியடைந்து, பழைய குற்றத்துக்கு இப்போதுதான் முதல்முறையாகத் தண்டனை சொல்லியிருக்கிறது. புதிதாகப் பிறந்த தண்டனைக்குக் கெடுவும் புதிதாகத்தான் ஓடும்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 11(2) பிரிவு, 3 மற்றும் 4-ஆம் பிரிவு உத்தரவுகளுக்குத்தான் அப்பீல் உண்டு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. 9-ஆம் பிரிவைச் சொல்லவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, "இதற்கு அப்பீல் கிடையாது, ரிவிஷன் (சீராய்வு மனு)தான்" என்று அலுவலகத்திலோ அரசு வக்கீலோ ஆட்சேபம் சொல்லலாம். என் கருத்து இதுதான்: மாஜிஸ்திரேட் சிறைத்தண்டனை விதித்திருக்கிறார், எனவே பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்; கீழே 400-க்கு மேல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் இதனுடையவை) 415-ஆம் பிரிவின்படி செஷன்ஸில் மேல்முறையீடாகவே தாக்கல் செய்ய வேண்டும். அதே 415, நன்னடத்தைப் பிணை பற்றிப் பேசும் 401-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் சொன்ன தண்டனைக்கும் அப்பீல் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரே மாதிரியான இரண்டு ஏற்பாடுகளில் ஒன்றுக்கு அப்பீல் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்பது பொருந்தாத வாதம்.

அப்பீலாகப் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அப்பீல் உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தாதவர் சீராய்வு மனுவோடு வந்தால் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்று 442-ஆம் பிரிவு சொல்கிறது. ரிவிஷனுக்கு 90 நாள் இருக்கிறதே என்று நிதானமாக இருந்துவிட்டு, கடைசியில் "உனக்கு அப்பீல் இருந்ததே" என்று திருப்பி அனுப்பப்பட்டால் இரண்டும் போச்சு. 30 நாளுக்குள் அப்பீலாகப் போய்விட்டால், அது நிலைக்காது என்று சொன்னாலும் ரிவிஷனாக மாற்றிப் போட நாள் மிச்சம் இருக்கும். இரண்டையும் கேட்கப் போவது அதே செஷன்ஸ் நீதிமன்றம்தான்.

சரி, அப்பீலில் என்ன சொல்வது? பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு பையனுக்கு அப்பீல் எழுதினேன். பதினைந்து பக்கம். சாட்சிகள் முரண்படுகிறார்கள், காயச் சான்றிதழில் நேரம் தவறு, முதல் தகவல் அறிக்கை தாமதம் என்று பழைய வழக்கு முழுவதையும் அதில் இறக்கி வைத்தேன். பிணையை மீறியது பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீதிபதி முதல் கேள்வியாக, "குற்றவாளி என்ற தீர்ப்பை அப்போதே எதிர்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு அப்பீல் முடிந்தது. அந்தப் பையன் உள்ளே இருந்த நாட்கள் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கின்றன. உங்கள் தம்பியின் வக்கீல் அந்தத் தவறைச் செய்யக் கூடாது. கொடை அன்றைக்கு யார் முதலில் கை நீட்டினார்கள் என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்தத் தீர்ப்பையும் எதிர்த்தே ஆக வேண்டும் என்றால் தாமத மன்னிப்பு மனுவோடு தனியாகப் போக வேண்டும். வழக்குக் கட்டைப் படித்த வக்கீல் பலமான காரணம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

இந்த அப்பீலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. நிபந்தனையை மீறினால் ஜெயில்தான் என்று சட்டம் சொல்லவே இல்லை. 9(3) பிரிவு நீதிபதி முன் இரண்டு வழிகளை வைக்கிறது. ஒன்று, பழைய குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கலாம். இன்னொன்று, மீறியது முதல் தடவை என்றால், பிணையை அப்படியே தொடரவிட்டு, ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தொகையைக் கட்டச் சொல்லலாம். ஆம், ஐம்பது ரூபாய். 1958-இல் எழுதிய தொகை. அந்தத் தொகை இன்று மிகச் சிறியதாகிவிட்டதால் அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அந்தப் பிரிவின் நோக்கம் தொகையில் இல்லை. முதல் தடவை தவறியவனை எச்சரித்து, திரும்பவும் கண்காணிப்புக்குள் கொண்டுவா என்பதுதான் நோக்கம். உங்கள் தம்பி மீறியது இதுதான் முதல் தடவை. இந்த இரண்டாவது வழியை நீதிமன்றம் யோசித்துப் பார்த்ததா, யோசித்து வேண்டாம் என்று விட்டதென்றால் ஏன் என்று உத்தரவில் ஒரு வரியாவது இருக்கிறதா? சான்றிட்ட நகல் வந்ததும் முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். இல்லை என்றால் அப்பீலின் முதல் காரணமே அதுதான்.

அடுத்தது விசாரணை. "வழக்கைக் கேட்ட பிறகு" திருப்தியடைய வேண்டும் என்று 9(3) சொல்கிறது. வாரண்ட்டில் பிடித்து வந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டு, ஒரு வரிப் பதில் வாங்கி, மறுநாளே தண்டனை சொன்னது கேட்டதாகுமா? அலுவலரின் அறிக்கை நகலை அவனிடம் கொடுத்தார்களா? பதில் எழுதித் தர நாள் கொடுத்தார்களா? வக்கீல் இல்லையே, இலவச சட்ட உதவியில் ஒருவரை நியமிக்கட்டுமா என்று கேட்டார்களா? அவனைச் சிறையில் பார்க்கும்போது இவற்றை நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலர் அந்த அறிக்கை ரகசியம், தர முடியாது என்பார்கள். 7-ஆம் பிரிவு ரகசியம் என்று சொல்வது, பிணையில் விடலாமா என்று முடிவு செய்ய முதலில் வாங்கும் அறிக்கையை. பிணையை மீறினார் என்று குற்றம் சாட்டும் அறிக்கைக்கு அந்தத் திரை கிடையாது.

மூன்றாவது, அவனுக்கு நிபந்தனை தெரியுமா என்பது. கண்காணிப்பு உத்தரவு போடும்போது அதன் நிபந்தனைகளை விளக்கிச் சொல்லி, நகலையும் அவனுக்கும் ஜாமீன்தாரருக்கும் தர வேண்டும் என்று 4(5) சொல்கிறது. உங்கள் அப்பாவிடம் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரை விட்டுப் போகக் கூடாது என்றோ, போனால் தெரிவிக்க வேண்டும் என்றோ அதில் எழுதியிருக்கிறதா? ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் அது வலுவான காரணம். ஆனால் ஆறு மாதம் ஒழுங்காகப் போய்க் கையெழுத்துப் போட்டவன், "கையெழுத்துப் போட வேண்டும் என்றே எனக்குத் தெரியாது" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தெரியாததை மட்டும் தெரியாது என்று சொல்லட்டும்.

நான்காவதாக ஒன்று. எனக்கு மனதுக்கு நெருக்கமானதும் அதுதான். நன்னடத்தை அலுவலரின் வேலை கையெழுத்து வாங்குவது மட்டும் இல்லை. தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடிக் கொடுக்க முயல வேண்டும் என்பதையும் 14-ஆம் பிரிவு அவருடைய கடமையாக எழுதியிருக்கிறது. கையில் வேலை, தலைக்கு மேல் கூரை, பிழைப்பைப் பார்க்கும் புத்தி, இவை வந்தால் ஒரு பையன் திரும்பத் தவறு செய்ய மாட்டான் என்ற நம்பிக்கையில் பிறந்த சட்டம் இது. உங்கள் தம்பி தலைமறைவாகவில்லை, வேறு கேஸிலும் மாட்டவில்லை. சட்டம் எதை விரும்பியதோ அதைத்தான் தேடிப் போனான். சொல்லிவிட்டுப் போகாததுதான் தப்பு. அந்தத் தப்புக்கும் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது: அலுவலர் மனுப் போட்டால் பிணையின் நிபந்தனையை நீதிமன்றம் மாற்றித் தரலாம், அது 8-ஆம் பிரிவு. திருப்பூரில் கண்காணிப்பு என்று மாற்றிக் கேட்டிருக்கலாம். இனியும் கேட்கலாம்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது. பனியன் கம்பெனியின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த பக்கம், தங்கியிருந்த அறையின் வாடகைக்கு ஏதாவது சீட்டு, அலுவலருக்குப் போன் செய்திருந்தால் அந்த விவரம், எல்லாவற்றையும் சேருங்கள். கீழ்க்கோர்ட்டில் காட்டாத ஆவணங்களை அப்பீலில் ஏற்கச் சொல்லி 432-ஆம் பிரிவில் தனி மனுப் போடலாம். உடம்பு சரியில்லை என்று யாராவது மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "வேலைக்குப் போயிட்டேன்" என்று அவனே நீதிபதியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அந்த உண்மைதான் இப்போது அவனுக்குத் துணை.

அப்பீலோடு கூடவே, அதே நாளில், தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடும்படி 430-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். இதை மறந்துவிட்டால் அப்பீல் விசாரணைக்கு வரும் முன்பே ஆறு மாதமும் ஓடிவிடும், ஜெயித்தும் பயன் இருக்காது. மூன்று ஆண்டுக்கு மேற்படாத தண்டனை என்றால் தண்டித்த நீதிமன்றமே ஜாமீன் தரலாமே என்று சிலர் சொல்வார்கள். அது தண்டனை சொல்லும்போது ஜாமீனில் இருந்தவருக்கு. உங்கள் தம்பியை வாரண்ட்டில் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள், அதனால் செஷன்ஸுக்குத்தான் போக வேண்டும். 2021-இல் அதே வழக்கில் ரிமாண்டில் இருந்தானா? இருந்திருந்தால் அந்த நாட்களை இந்த ஆறு மாதத்தில் கழிக்க வேண்டும். சிறையின் கணக்கில் கழித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமோ என்று பயந்து பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவன் போடும் மேல்முறையீட்டில் செஷன்ஸ் நீதிபதி தண்டனையைக் கூட்ட முடியாது. குறைக்கலாம், ரத்து செய்து பிணையைத் தொடரவிடலாம், திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பலாம். அங்கேயும் சரிவரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சீராய்வு மனுப் போடலாம். அதற்கு 90 நாள்.

"ஆறு மாசம்தானே" என்ற பேச்சுக்கு வருகிறேன். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு, குற்றவாளி என்று தீர்ப்பானதால் சட்டப்படி வரும் தகுதி இழப்பு எதுவும் வராது என்று 12-ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. அதே பிரிவின் கடைசியில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: பிணையில் விட்ட பிறகு பழைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 19 நாளைக்கு முன் உங்கள் தம்பி இழந்தது ஆறு மாதச் சுதந்திரத்தை மட்டும் இல்லை, இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துத்தான். ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால் அது திரும்பி வராது. அப்பீலில் தண்டனை ரத்தாகிப் பிணை தொடர்ந்தால் திரும்பி வரும். டிரைவர் வேலைக்காகவாவது இந்த அப்பீலைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு இருந்தாலும், குற்றத் தீர்ப்பே அழிந்துபோனதாக ஆகாது. உச்ச நீதிமன்றமும் 1990-இல் பக்ஷி ராம் வழக்கில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காமல் எழுதட்டும்.

அப்பாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஜாமீன் போட்டதற்காக மட்டும் அவரைச் சிறையில் தூக்கிப் போட மாட்டார்கள். பிணைத் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் வரலாம். வந்தால் கிடப்பில் போடாமல், சொன்ன வாய்தாவில் நேரில் போய்ப் பதில் கொடுக்க வேண்டும். தொகை கட்ட உத்தரவானாலும் அதற்கும் தனி அப்பீல் உண்டு. ஆனால் அந்தத் தொகையைக் கட்டாமல், வசூலிக்கவும் முடியாமல் போனால், ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதனால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஊரில் யாராவது, "ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தவனை இப்படித்தான் உள்ளே வைத்தார்கள்" என்று வேறு கதை சொல்லிக் குழப்புவார்கள். அது பி.என்.எஸ்.எஸ். 126, 129-ஆம் பிரிவுகளில், குற்றம் நடக்காமல் தடுக்க வாங்கும் பிணை. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சட்டமும் நடைமுறையும் வேறு. அந்த யோசனைகளை இதில் கலக்க வேண்டாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும். அதற்குக்கூட நாள் போதவில்லை என்றால், அவன் சிறையில் இருந்தபடியே அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும், 424-ஆம் பிரிவு. சிறைவாசிக்கு உதவ வரும் சட்டத் தன்னார்வலர் இருந்தால் எழுதிக் கொடுப்பார்.

முடிந்தால் நன்னடத்தை அலுவலரையும் ஒருமுறை நேரில் பாருங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். ஆறு மாதம் ஒழுங்காக வந்தவன்தான் என்று அவருக்கும் தெரியும். பிணையைத் தொடரவிட்டால் திருப்பூரிலோ ஊரிலோ கண்காணிப்புக்கு ஒழுங்காக வருவான், நாங்கள் பொறுப்பு என்று உங்கள் அப்பாவும் நீங்களும் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் அப்பீல் கட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை சிறைக்குப் பார்க்கப் போகும்போது வக்காலத்துப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவனிடம் கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரியிடம் சான்றொப்பமும் வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்த ஒரு தாளுக்காகவே பலருக்கு ஒரு வாரம் வீணாகப் போயிருக்கிறது, உங்கள் கையில் இருப்பது பதினோரு நாள்.